ராவுத்தர் வாசிக்காமல் விட்ட கல்

சர்வே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், உங்க காலத்துல வரப்புத் தகராறுல அரிவாளைத் தூக்கிட்டு வந்திருப்பாங்களே, எப்படிச் சமாளிச்சீங்க?" வந்திருக்கிறார்கள்தான். அரிவாளோடு வருகிறவனைச் சமாளிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்பது அவன் முகத்திலேயே தெரிந்துவிடும். ஒரு சொம்பு மோரோடு சிரித்த முகமாக வந்து, "அந்தக் கல்லுல என்னங்க எழுதியிருக்குது?" என்று கேட்பவர்கள் முன்னால்தான் நான் வாயடைத்து நின்றிருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன். இதிலிருந்து உங்களுக்குப் பாடம் ஏதாவது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துக் கிராமங்களில் நிலங்களை மறுபடியும் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில்தான் சேலத்து ஜவுளி வியாபாரி ஒருவர் எனக்குப் பழக்கமானார். ஊரெல்லாம் அவரை ராவுத்தர் என்றே கூப்பிடும். நானும் அப்படியே சொல்கிறேன். இளம்பிள்ளை என்ற ஊரில் நெய்த சேலைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வாரச்சந்தை ஒவ்வொன்றாகப் போய் விற்பார். அது அவர் பிழைப்பு. அவருடைய பைத்தியம் வேறொன்று. ஏரிக்கரையிலோ, வயலிலோ, இடிந்த கோயிலிலோ எழுத்து வெட்டிய பழைய கல் இருக்கிறதென்று காதில் விழுந்தால் போதும், சந்தையாவது வியாபாரமாவது, வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்.

வாலிபத்தில், கல்வெட்டுகளைத் தாளில் மை ஒற்றிப் படியெடுக்க வந்த சர்க்கார் ஆட்களுக்கு வழிகாட்டப் போனவர் அவர். வழியைக் காட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல் அவர்கள் கூடாரத்திலேயே தங்கி அந்தப் பழைய எழுத்துகளைக் கற்றுக்கொண்டுவிட்டார். அதன்பின் யாரும் அவரை அனுப்பவில்லை, யாரும் அவருக்குச் சல்லிக்காசு கொடுக்கவில்லை. தாள், மை, தூரிகை எல்லாம் சொந்தச் செலவு. கல்லைத் துடைக்கத் துணி கிடைக்காத அவசரத்தில் விற்காத சேலை ஒன்றை எடுத்துத் துடைத்துவிட்டு, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வார். "சேலை விக்கப் போன மனுசன் கல்லுக்குக் கட்டிவிட்டுட்டு வாராரு" என்று அவர் வீட்டம்மா என்னிடமே அலுத்துக்கொண்டதுண்டு.

அவரை மகான் என்று சொல்ல மாட்டேன். பிடிவாதக்காரர், தற்பெருமையும் கொஞ்சம் உண்டு. ஒரு எழுத்து 'ப'வா 'ம'வா என்பதற்காக உச்சி வெயிலில் என்னை நிறுத்திவைத்து வாதாடுவார். அவருக்குக் கூட்டம் வேண்டும். படியெடுத்து முடித்ததும் ஊர்ச்சனத்தைத் திரட்டி, கல்லுக்குப் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்க வாசித்துப் பொருள் சொன்னால்தான் வண்டியில் ஏறுவார். ஒரு தடவை நான் பொறுமை இழந்து, "படியெடுத்தாச்சு, மெட்ராசு கல்வெட்டு ஆபீசுக்கு அனுப்பிடுவீங்க, அப்புறம் எதுக்கு இந்தக் கதாகாலட்சேபம்?" என்று கேட்டுவிட்டேன்.

"காயிதம் மெட்ராசுக்குப் போயிரும் சாமி, கல்லு இங்கதான நிக்குது" என்றார். "இந்தச் சனங்களோட பாட்டன் பூட்டன் சங்கதி. அவங்களுக்குச் சொல்லாம நான் எடுத்துட்டுப் போனா அது களவாணித்தனமுங்க."

நானும் அதை ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னது நியாயம்தானே?

ராசிபுரத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் அவர் வாசித்தது இன்னும் காதில் இருக்கிறது. ஓர் ஓடைக்கும் ஒரு பாறைக்கும் நடுவிலிருந்த நிலத்தைக் கோயிலுக்கு எழுதிவைத்த கல். கிழக்கே எது, மேற்கே எது என்று நான்கு எல்லைகளையும் அவர் வாசிக்க வாசிக்க எனக்குச் சிலிர்த்துவிட்டது. நான் அன்று காலையில் அளந்த அதே ஓடை, அளவைச் சங்கிலி பிடிப்பவன் ஏறி நின்ற அதே பாறை. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன் என்னைப்போல ஒருவன் அதே இடத்தில் நின்று அளந்திருக்கிறான். ஊர்ச்சனம் மூச்சுவிடாமல் கேட்டது. அந்த அமைதியைப் பக்தி என்று ராவுத்தரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

அடுத்த வருஷம் எல்லைக்கல் நடுவதற்கு அதே ஊருக்குப் போனபோது ராவுத்தரும் கூட வந்தார். எழுத்துக் கல் இருந்த இடத்தில் தரை கருகிக் கிடந்தது. இரண்டு துண்டுகள் வேலியோரம் புரண்டிருந்தன. ஊர் மணியகாரரைக் கேட்டால் மாட்டைப் பார்த்துக்கொண்டு, "யாரோ புதையல் தேடறவங்களா இருக்குமுங்க" என்றார். ராவுத்தர் நம்பினார். திருடர்களைச் சபித்துக்கொண்டே துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். அவை பொருந்தவில்லை. எழுத்துப் பக்கம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது.

அந்தப் பருவத்திலேயே இன்னொரு ஊரிலும் கல்லைக் காணோம். அதற்குப் பிறகு போன ஊரில்தான் பாவாயி என்ற அம்மாளைப் பார்த்தோம். புருஷன் தவறிவிட்டார், தனி ஆளாகப் பண்ணையம் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் நிலத்தோரம் நின்ற கல்லைத்தான் முந்தின வருஷம் ராவுத்தர் ஊர்கூட்டி வாசித்தார். அங்கேயும் அதே கருகல். பாவாயி எங்களைக் கண்டதும் ஓடி ஒளியவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவராகவே சொன்னார்.

"மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது, நாந்தானுங்க ஒடச்சேன். காஞ்ச பருத்திமாரக் குமிச்சுக் கொளுத்திவுட்டு, சூடேறுனதும் தண்ணி ஊத்துனனுங்க. படார்னு போயிருச்சு."

ராவுத்தர் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "ஏன் ஆத்தா, அது உன்னைய என்ன பண்ணுச்சு?" என்றார்.

"நீங்கதானுங்களே படிச்சீங்க, இத்தன எல்லைக்குள்ள இருக்கற நெலம் பூராவும் சாமிக்குச் சேந்ததுன்னு? அந்த எல்லைக்குள்ள எங்க காடு ஒண்ணுதானுங்க இருக்குது." இந்தப் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். "நாளைக்குக் கோயல்காரங்க வந்து, கல்லே சொல்லுது, எந்திரிச்சுப் போன்னா, இந்தப் புள்ளைகள இழுத்துக்கிட்டு நான் எந்த ஊட்டுக்குப் போவேனுங்க?"

"அது ராசா காலத்துச் சங்கதி ஆத்தா. இப்ப யாரு கேப்பாங்க?"

"எழுதுனது எழுதுனதுதானுங்களே. நீங்க படிக்கறீங்க, பக்கத்துலயே இந்த ஐயா சங்கிலி புடிச்சு அளக்கறாரு. ரெண்டு பேரும் ஒரே வண்டில வாரீங்க. நாங்க என்னன்னு நெனைக்கறது?"

எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. ராவுத்தர் என் பக்கம் திரும்பினார். "சர்வேயர் ஐயா, நீங்க சொல்லுங்க. அதெல்லாம் செல்லாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். கெஞ்சுகிற குரல்.

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். கோயில் சொத்துகளைக் கண்காணிக்கச் சட்டம் வந்திருந்த காலம் அது. பழைய செப்பேட்டையும் கல்லையும் காட்டிக் கோர்ட்டுக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஜெயித்தவனும் உண்டு, தோற்றவனும் உண்டு. செல்லாது என்று சொல்ல நான் யார்? அந்த அம்மாள் என் வார்த்தையை நம்பிவிட்டு, பின்னால் ஒருநாள் வழக்கு வந்தால் நானா போய்ச் சாட்சி சொல்லி நிலத்தைக் காப்பாற்றப் போகிறேன்? "கோர்ட்டு என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அது உண்மை. அந்த உண்மையால் ஒருவருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"பாத்தீங்களா சாமி" என்றார் பாவாயி ராவுத்தரிடம். குரலில் கோபம் இல்லை. ராவுத்தருக்கு இன்னொரு சொம்பு மோர் ஊற்றினார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் ராவுத்தர் வியாபாரத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. தான் வாசித்த ஊர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் போனார். சிலவற்றுக்கு நானும் கூடப் போனேன். போகப் போக ஒரு விஷயம் புலப்பட்டது. கோயிலில் விளக்கெரிக்க ஆடு கொடுத்தான் என்று சொன்ன கல் நின்றது. குளம் வெட்டினான், சண்டையில் செத்தான் என்று சொன்ன கல்லும் நின்றது. சிலவற்றுக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்திருந்தார்கள். நிலம் கொடுத்தான் என்று சொன்ன கல் ஒன்றுகூட நிற்கவில்லை. பல நூறு வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்து தப்பித்த கற்கள் அவர் வாசித்த ஒரே வருஷத்தில் போய்விட்டன.

"கண்டுபுடிச்சுக் குடுத்ததே நாந்தானுங்க" என்றார் வண்டியில். அவர் அழவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். தைரியம் சொல்லப் பார்த்தேன். படிகளெல்லாம் மெட்ராசில் இருக்குமே என்றேன். "இருக்குமுங்க" என்றார். அனுப்பிய படிகள் வந்து சேர்ந்தன என்று அங்கிருந்து ஒரு வரி வந்ததாக எனக்குத் தெரியாது.

இதோடு அவர் விட்டிருந்தால் இதை நான் எழுதவேண்டி வந்திருக்காது.

கொஞ்ச நாள் கழித்துத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கவுண்டரின் தோட்டத்தில் அளந்துகொண்டிருந்தேன். சந்தைக்குப் போகிற வழியில் ராவுத்தர் என்னைப் பார்க்க இறங்கினார். கடலைக்காய் பிடுங்குகிற சமயம். ஆட்கள் நிறைய. வரப்போரத்தில் மாடு கட்டுவதற்குத் தோதாக ஒரு கல் நின்றது, பாதிக்குமேல் மண்ணுக்குள். ராவுத்தர் அதன்மேல் சும்மா கையை ஊன்றினார். ஊன்றிய கையை எடுக்கவில்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

மண்ணுக்கு மேலே தெரிந்தது தொடக்கம் மட்டும்தான். மங்கலச் சொல்லும் ராஜாவின் புகழும். எல்லாக் கல்லிலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். யார் கொடுத்தது, என்ன கொடுத்தது என்பதெல்லாம் கீழே, மண்ணுக்குள். நிலமாக இருக்கலாம், ஆடாக இருக்கலாம். தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதுதானே என்று கேட்பீர்கள். களத்தில் அத்தனை பேர் நிற்கும்போது ஒரு கல்லுக்கு அடியில் மண்வெட்டி வைத்துப் பாருங்கள். புதையல் என்று சாயங்காலத்துக்குள் பத்து ஊர் திரண்டுவிடும்.

கவுண்டர் தோளில் துண்டோடு வந்தார். நல்ல மனுஷன். பின்னாலேயே ஆட்களும் வந்தார்கள். "ஏனுங்க ராவுத்தரே, நீங்க கல்லு படிக்கறவருன்னு சொன்னாங்க. எங்க கல்லுல என்னங்க எழுதியிருக்குது?"

ராவுத்தர் என்னைப் பார்த்தார். என் கையில் அளவைச் சங்கிலியின் ஒரு முனை இருந்தது. அதை அப்படியே கீழே போட்டேன், என்ன நினைத்துப் போட்டேனோ தெரியாது. நான் தலையாட்டவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. வாசித்து அது நிலமாக இருந்தால் கல் போய்விடும். வாசிக்காவிட்டால் நிற்கும். இவ்வளவுதான் அந்த நேரத்தில் எங்கள் இருவர் மனத்திலும் ஓடியது. அத்தனை கற்களைப் பறிகொடுத்தவனுக்கு வேறு எப்படி ஓடும்?

"எழுத்தெல்லாம் இல்லீங்க கவுண்டரே" என்றார் ராவுத்தர். "உளி பட்ட தடமுங்க. வெறுங் கல்லு."

கூட்டம் சப்பென்று ஆகிக் கலைந்தது. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அறுவடை முடிந்து காடு சும்மா கிடக்கும்போது வந்து, ஆள் அரவம் இல்லாத நேரமாகப் பார்த்து, பக்குவமாக மண்ணை விலக்கிப் படியெடுத்துக்கொள்ளலாம் என்று பேசிவைத்தோம். ஒரு கல்லாவது தப்பித்தது என்றார். சந்தைக்குப் போகும்போது முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

என்னை ஆத்தூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். தனியாகப் போய் மண்ணைக் கிளற அவரால் முடியாது. களவாணி என்று கட்டிவைத்து உதைப்பார்கள். சர்வேயர் பக்கத்தில் இருந்தால் கேள்வி வராது. அதனால் எனக்காகக் காத்திருந்தார். சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். நான் லீவு கிடைத்து வருவதற்குள் ஒரு வெள்ளாமை போய் அடுத்த வெள்ளாமையும் முடிந்துவிட்டது.

இரண்டு பேருமாகப் போனோம். வரப்போரத்தில் கல் இல்லை. கருகல்கூட இல்லை. அந்த இடத்தை உழுது விதைத்திருந்தார்கள்.

கவுண்டர் எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார். "வாங்க சாமி, வாங்க. உங்க புண்ணியத்துல கெணறு முடிஞ்சுதுங்க. வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்து நடுவில் புதுக்கிணறு. சுவரில் செருகி நீட்டிய கற்படிகள், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தண்ணீர் வரைக்கும் இறங்கின. "நம்ம கல்லுத்தானுங்க அது. நல்ல சாதிக் கல்லு. ஆளக் கூட்டியாந்து பொளந்து படியாப் போட்டுட்டமுங்க."

ராவுத்தர் கிணற்று விளிம்பில் குனிந்து உள்ளே பார்த்தார். கவுண்டரே தொடர்ந்தார். "எங்கப்பாரு இருந்த வரைக்கும் அதத் தொடவே வுடமாட்டாருங்க. எழுத்துக் கல்லு, கை வெச்சாக் குடும்பத்துக்கு ஆகாதும்பாரு. அவங்கப்பாரும் அப்படித்தானாமா. நீங்க பாத்து, வெறுங் கல்லுன்னு சொன்னதுக்கு அப்பறந்தானுங்க எனக்குத் தகிரியமே வந்துது."

இதைக் கேட்டுக்கொண்டு அங்கே நின்றேனே, அதைவிடக் கொடுமையான நிமிஷம் என் உத்தியோக காலத்தில் வேறு இல்லை. வரப்புச் சண்டையில் ஒருவன் மண்டை பிளந்து என் மேலேயே சாய்ந்திருக்கிறான். அதுகூட இதற்குப் பக்கத்தில் வராது.

ராவுத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றுக்குள் இறங்கினார். கால் கழுவப் போகிறார் என்று கவுண்டர் நினைத்துக்கொண்டு, இளநீர் வெட்டச் சொல்ல ஆளைத் தேடிப் போனார். நான் மேலேயிருந்து பார்த்தேன். எழுத்து வெட்டிய பக்கத்தை அடியில் வைத்துப் படி போட்டிருந்தார்கள். கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, மேல்படியின் அடிவயிற்றைக் கையால் தடவினார். குனிந்து பார்க்க இடமில்லை, விரல்தான். ஒரு படி முடிந்ததும் அடுத்த படிக்கு இறங்கினார். பிளந்த இடத்தில் எழுத்துகள் அறுந்திருக்குமல்லவா, திரும்ப மேலேறி முதல் படியைத் தடவினார். தலைப்பாகை நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அவர் மேலே வரும்போது கவுண்டரும் வந்துவிட்டார். "என்னங்க ராவுத்தரே, உள்ள ஏதாச்சும் உளுந்து போச்சுங்களா?"

"இல்லீங்க" என்றார். "படி நல்லா நெரவிப் போட்டிருக்காங்க. அதத்தான் பாத்தேன்."

இளநீர் குடித்தோம். கவுண்டர் வீட்டம்மா ஒரு சேலை எடுத்துக்கொண்டார். ராவுத்தர் மடித்துக் கொடுத்தார், எப்போதும்போல நிறத்தைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். அவரால் எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

வண்டி ஊரைத் தாண்டிய பிறகு கேட்டேன், ஏதாவது தெரிந்ததா என்று.

"சாவா மூவான்னு கைக்குப் பட்டுதுங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். கோயில் விளக்கு அணையாமல் எரிய நெய் வேண்டும், அதற்காக ஆட்டு மந்தையை விடுவார்கள். ஓர் ஆடு செத்தால் அதன் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கை குறையவே கூடாது. அதனால் சாவா மூவாப் பேராடு என்று வெட்டுவார்கள். சாகவும் சாகாது, மூப்பும் அடையாது. ஆடு கொடுத்த கல்லில் மட்டும்தான் அந்தச் சொல் வரும்.

"நெலம் இல்லீங்க" என்றார். "ஆடு."

வண்டி வெகுதூரம் வந்துவிட்டது. பிறகு அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார், "அன்னிக்குத் தோண்டி, படிச்சுச் சொல்லியிருந்தா நின்னுருக்குமுங்களா?"

நின்றிருக்காது என்று சொல்லிவிட எனக்கு அத்தனை ஆசை. அவருக்கு வயதாகியிருந்தது, அந்தத் தலைப்பாகை இல்லாத தலையைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் என் வாயிலிருந்து பொய்யை வாங்குவதற்காகக் கேட்கவில்லை.

"நின்னுருக்கும்" என்றேன்.